சீதபேதியும் ஒரு பெல்ட்டும்

மேடையில் இருந்த அதிகாரி சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "மணி பத்தேகால் ஆகிவிட்டது, சுருக்கமாகப் பேசு" என்று என் மகனிடம் சொன்னார். அவன் எழுந்து நின்றான். கூட்டம் கை தட்டியது. அவன் பேசவில்லை. காக்கிக் கால்சட்டையின் பின்புறம் நனைந்து, முழங்காலைத் தாண்டி, பூட்ஸ் வரை வழிந்துகொண்டிருந்தது.

இராஜபாளையத்தில், பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கக் கூட்டிய கூட்டம் அது. பர்மா எல்லையிலிருந்து நோய் விடுப்பில் வந்திருந்த என் மகன் ஞானமுத்துவை, மற்ற இளைஞர்களுக்குக் காட்டுவதற்காக உடுப்போடு மேடையேற்றியிருந்தார்கள். கழுத்தில் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. வரவேற்புப் பாட்டுப் பாட வந்த என் மாணவிகளோடு முதல் வரிசையில் இருந்தேன். நாற்றம் எங்களிடம்தான் முதலில் வந்தது. பிள்ளைகள் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி சிரித்தாள்.

அதிகாரியும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நமது வீரர் பயணக் களைப்பில் இருக்கிறார்" என்று அறிவித்துவிட்டு, நாட்டுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை பற்றிய சொற்பொழிவைத் தொடர்ந்தார். மூக்கிலிருந்து கையை எடுக்காமலே தொடர்ந்தார்.

ஆள்சேர்ப்பு வேலையில் இருந்த ஹவில்தார் ஒருவர்தான் மேடைமேல் ஓடினார். சுந்தரபாண்டியத்துக்காரர், மீசை நரைத்த மனிதர். தம் தலைப்பாகையை அவிழ்த்து அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். "ஏலே, வெக்கப்படாத. அங்க கர்னலுக்கே இப்டிப் போயிருக்கு. நாந்தான் வாளி தூக்குனேன்" என்று அவன் காதருகே சொல்லிக்கொண்டே படியிறக்கிக் கூட்டி வந்தார். என் மகன் சிரிக்க முயன்றான். உதடு மட்டும் அசைந்தது.

பட்டாளத்திலிருந்து பிள்ளை திரும்பி வந்திருக்கிற வீடுகளில் இதைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகத்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பிள்ளை "குணமாகிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருவான். நம்பாதீர்கள். என் மகன் வந்த நாள் முதல் இருட்டோடு எழுந்து ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். நடைப்பயிற்சி என்று சொன்னான். பட்டாளத்துப் பழக்கம் என்று நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு, எங்களிடம் சொல்லாமலே மதுரைக்குப் போய்ப் பெயர் கொடுத்தவன் அவன். திரும்பி வந்து சொன்னபோது, "எதிரி கப்பல்ல வந்து குண்டு போடுதான்மா. எல்லாரும் வீட்டுல இருந்தா யாரு போவா?" என்று கேட்டான். பதினெட்டு வயது.  

போகும்போது நாங்கள் கொடுத்த தோல் பெல்ட்டில், கொக்கி அழுத்தி அழுத்தி ஒரு ஓட்டையைச் சுற்றித் தடம் விழுந்திருந்தது. விடுப்பில் வந்தபோது அந்த ஓட்டையில் மாட்டினாலும், அதற்கு உள்ளே இருந்த கடைசி ஓட்டையில் மாட்டினாலும் பெல்ட் தொங்கியது. பஞ்சாலையில் மேஸ்திரியாக இருக்கும் என் கணவர் ஆணியைக் காய்ச்சி உள்ளே தள்ளி ஒரு புது ஓட்டை போட்டுக் கொடுத்தார். "பயணத்துல மெலிஞ்சிருக்கான். ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடு, சரியாயிரும்" என்றார்.

கூட்டத்திலிருந்து வந்த அன்று அந்த உடுப்பைக் கிணற்றடியில் நான்தான் துவைத்தேன். சளியும் இரத்தமும் கலந்து கட்டியாக இருந்தது. அதில் சம்பங்கி இதழ்கள் ஒட்டியிருந்தன. விரலால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். வாந்தி எடுத்தேன். மறுபடி உட்கார்ந்து துவைத்தேன். அன்று முதல் சம்பங்கி வாசனை என்னால் தாங்க முடிவதில்லை. ஆலயத்தில் பலிபீடத்தருகே வைத்தாலும் வெளியே வந்துவிடுகிறேன்.

கொய்யாக் கொழுந்து, மாதுளை ஓடு, மோர் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு நாள் நிற்கும், மறுநாள் இரண்டு மடங்காகப் போகும். நிற்கிற நாளை நம்பி நாங்கள் நாட்களை வீணாக்கினோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

திருவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிவு செய்தபோது, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து அந்த வாயுவில் ஓடும் பஸ் மட்டுமே இருந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "மத்த ஆளுவ எறங்கிப் போயிருவாவம்மா" என்றார். அந்த வாரம் இதே பஸ்ஸின் பக்கவாட்டில், வீரர்களுக்கு உதவுங்கள் என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பிக் கொண்டுபோனோம். வழியெல்லாம், "அம்மா, கோபுரம் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். தெரியாத இடத்திலும், "தெரியுதுலே, இந்தா வந்துட்டு" என்றேன்.

டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். மலத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். அமீபா சீதபேதி (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒன்று குடலின் உட்சுவரைத் தின்று புண்ணாக்கும் நோய்) என்றார். அழுக்குத் தண்ணீரில் வருவது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மருந்தைப் பாதியில் நிறுத்தி அனுப்பியிருக்கிறார்கள் என்றார்.

"ஏன் பாதியில் நிறுத்தினார்கள்?" என்று கேட்டேன்.

"கட்டில் தேவைப்பட்டிருக்கும் அம்மா."

எமெட்டின் (ஒருவகை வேரின் சத்திலிருந்து செய்யும் ஊசி மருந்து) போட வேண்டும். கிருமியைக் கொல்கிற அந்த மருந்து இருதயத்தையும் தளர்த்தும். ஆகையால் ஊசி போடுகிற நாட்களில் நோயாளி கட்டிலில் எழுந்து உட்காரவும் கூடாது. மலம் கழிப்பதும் படுத்தபடிதான். வெளியில் அந்த மருந்து கிடைப்பது அரிது, எல்லாம் படைக்குப் போகிறது என்று டாக்டர் சொன்னார். படையிலிருந்து வந்தவன்தானே இவன் என்று என் கணவர் கேட்டார். "விடுப்பில் இருக்கிறான்" என்றார் டாக்டர். எங்கேயோ சொல்லி வாங்கிவிட்டார். எப்படி வாங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

இருபது வயது மகனுக்குத் தாய் மலச்சட்டி வைப்பது பற்றி எழுத ஒன்றுமில்லை. முதல் நாள் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மூன்றாம் நாள், "டீச்சரு, இன்னைக்கு மார்க்கு எம்புட்டு?" என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் நிறத்தைப் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டியது என் வேலை. "பெயிலுதான்லே. நாளைக்கு நல்லா எழுது" என்றேன். அந்தச் சட்டியை மூடி எடுத்துப்போய், சுண்ணாம்பு தூவிக் குழியில் கொட்டிப் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குடிக்கிற தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களை உங்கள் வீட்டுக் குவளையில் குடிக்க விடாதீர்கள்.

பார்க்க வந்தவர்கள்! அதிகாரியின் சேவகர் ஒருவர் ஆரஞ்சுக் கூடையோடு வந்தார். "ஐயா ரொம்ப வெசனப்பட்டாவ. அடுத்த வெள்ளிக்கிழம கிருஷ்ணன்கோவில்ல கூட்டம் இருக்கு. தம்பி செத்த நேரம் வந்து மேடையில இருந்தாப் போதும்னாவ. பேச வேண்டாம்" என்றார். கையில் மலச்சட்டியோடு நின்றேன். மூடியைத் திறந்து அவரிடம் காட்டினேன். கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆரஞ்சுகளை அடுத்த கட்டில்காரர்களுக்குக் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் கதர் கட்டுகிறவர் ஒருவர் உண்டு. அவரும் வந்தார். கட்டிலிலிருந்து நாலு அடி தள்ளி நின்றுகொண்டு, "வெள்ளக்காரன் சோத்தத் தின்னா இப்டித்தான் போகும். நாட்டுக்காகவாவது போனியா?" என்றார்.

"அங்க சோறு எங்க மாமா இருந்துச்சு? வெறும் பிஸ்கோத்துதான்" என்றான் என் மகன்.

அவர் சிரிக்கவில்லை. அதிகாரிக்கும் இவருக்கும் அவன் ஒரு எடுத்துக்காட்டு. ஒருவருக்கு மாலை போட, மற்றவருக்குத் துப்ப. படுத்திருக்கிறவனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

பேதி நின்றது. நாங்கள் தேவனுக்கு நன்றி சொன்னோம். பிறகு மாலைதோறும் காய்ச்சல் வரத் தொடங்கியது. வலது தோள்பட்டையில் வலி என்றான். வண்டியில் படுத்து வந்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். டாக்டர் தோளைத் தொடவில்லை. விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். முத்து அலறினான். கல்லீரல் சீழ்க்கட்டி (குடலில் இருந்த கிருமி இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போய் அங்கே சீழ் பிடிப்பது) என்றார். கல்லீரலில் இருக்கும் கோளாறு தோளில் வலியாகத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பேதி நின்ற பிறகு காய்ச்சலும் தோள்வலியும் வந்தால் நீங்கள் அதே நாளில் ஓடுங்கள்.

விலாவுக்கு நடுவே பெரிய ஊசியைச் செலுத்தி இழுத்தார்கள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கருப்பட்டிப் பாகு போலச் சிவந்த பழுப்பு நிறத்தில் வந்தது. ஒரு கிண்ணம் நிறைந்து, அடுத்த கிண்ணம் வைத்தார்கள். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவள் நான். இப்போது எங்கள் வீட்டில் கருப்பட்டி வாங்குவதில்லை.

அந்த வாரம் என் கணவர் பெல்ட்டில் இரண்டாவது ஓட்டை போட்டார். படுத்திருக்கிறவனுக்குப் பெல்ட் எதற்கு என்று கேட்டேன். "எந்திரிச்சா வேணும்லா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார்.

எழுந்தான். முதலில் கட்டிலின் விளிம்பு வரை, பிறகு வராந்தா தூண் வரை. பர்மா அரிசி வராமல் போன காலம். பங்கீட்டு அரிசியில் கல்லும் புழுவும் பொறுக்கிக் கஞ்சி வைத்தேன். கூகைக்கிழங்கு மாவு, அவித்த முட்டை, ஆட்டு ஈரல். கன்னத்தில் குழி நிரம்பத் தொடங்கியது. இரண்டாவது ஓட்டையை விட்டு முதல் ஓட்டைக்கு வந்தான். ஊருக்குக் கூட்டி வந்தோம்.

அப்போதுதான் என் கணவர் அடுப்படியில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏட்டி, அவனை இம்புட்டுத் தேத்தாத. தேறிட்டான்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிருவான். எலும்பும் தோலுமா இருந்தா வேண்டாம்னு தள்ளிருவான்."

கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவர் சொன்னது அதுவரை எனக்குத் தோன்றாதது என்று சொன்னால் பொய். அன்று மாலை நான் முட்டை அவிக்கவில்லை.

மறுநாள் திருவில்லிபுத்தூருக்குப் போய் டாக்டரிடமே கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "கல்லீரலுக்குப் பட்டாளம் தெரியாது அம்மா. இந்த நோயில் பாதிக் குணம் என்று ஒன்று கிடையாது. பசியில் வைத்தால் மறுபடி சீழ் கட்டும். அப்போது என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

"போகத் தகுதியில்லை என்று எழுதித் தருவீர்களா?"

"எழுதித் தருகிறேன். என் எழுத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள். அவனைப் பார்ப்பார்கள்."

வீட்டுக்கு வந்து முட்டை அவித்தேன். தட்டை வாங்கும்போது முத்து என் முகத்தைப் பார்த்தான்.

"நேத்து முட்டை இல்லையேம்மா."

"கெடைக்கல."

"அப்பா சொன்னத நானுங் கேட்டேன். என்னைய அரை ஆளா வச்சுக்கப் பாக்கியளா?"

 அவன் தின்றுகொண்டே சொன்னான். "கோவில்பட்டிக்காரன் ஒருத்தன் என்னையச் சேத்துல முதுகுல தூக்கிட்டு வந்தான்மா. அவன் முதுகெல்லாம் எம் பேதி. ஒரு வார்த்த சொல்லல. அவன் இன்னும் அங்கனதான் கெடக்கான். ராசாவுக்காகவும் போகல, அந்த ஆரஞ்சுக்காரருக்காகவும் போகல, அவனுக்காகத்தான் போறேன். அம்புட்டுதான்."

கடமை என்று மேடையில் கேட்ட சொல் எனக்குக் குமட்டியது. இது குமட்டவில்லை. அதனால்தான் இதற்கு இன்னும் அதிகமாகப் பயப்படுகிறேன்.

இப்போது என் வீட்டில் நாட்கள் கிழமைகளாகப் போவதில்லை. அவனுடைய பெல்ட் எந்த ஓட்டையில் இருக்கிறது என்பதுதான் நாள். காலையில் அவன் கன்னத்தைப் பார்க்கிறேன். சதை வைத்திருக்கிறது. மகிழ்ச்சி வருகிறது, உடனே பெல்ட்டைப் பார்க்கிறேன். என் உடம்பும் மாறிவிட்டது. கையை எத்தனை முறை கழுவினாலும் முகர்ந்து பார்க்கிறேன். அவன் கொல்லைப் பக்கம் எழுந்து போனால் பின்வாசலில் போய் நிற்கிறேன். திரும்பி வந்து, "பாஸு டீச்சரு" என்று சொல்லும்வரை அங்கிருந்து நகர்வதில்லை. ஆட்டு ஈரலை நறுக்கும்போது யாருக்காக நறுக்குகிறேன் என்று கை நிற்கிறது. ஆனாலும் நறுக்குகிறேன். குறைத்து வைத்தால் சாவான், நிறைய வைத்தால் போவான். நிறைய வைக்கிறேன்.

பெல்ட்டில் ஆணியால் போட்ட இரண்டு ஓட்டைகளும் சும்மா கிடக்கத் தொடங்கிய வாரம், வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அதே ஹவில்தார். அவருடைய தலைப்பாகைத் துணியை வெந்நீரில் அவித்துத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எதுக்கும்மா இவ்வளவு சிரமம், தூரப் போட்டிருக்கலாம்லா" என்றார்.

முத்து உள்ளேயிருந்து வந்து விறைப்பாக நின்றான். அவர் அவனை முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கச் சொன்னார். நடந்தான். அருகில் அழைத்து, பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். கொக்கித் தடம் விழுந்த பழைய ஓட்டையைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"நல்லாத் தேத்திட்டீய டீச்சரம்மா. எங்க பெரிய ஆஸ்பத்திரியில கூட இப்டித் தேத்த மாட்டாவ. பழைய தடத்துக்கு இன்னும் ஒரே ஒரு ஓட்டதான் பாக்கி. அடுத்த மாசம் வாரேன்."