மகளைக் கூப்பிடப் போகிற வண்டியில் ஒரு சத்தம்

தை பிறந்ததும் எங்கள் காரில் சத்தம் வர ஆரம்பித்தது. மாசியில் மகளுக்கு வளைகாப்பு. அது முடிந்த கையோடு, பந்தல்குடியில் இருக்கிற அவளை, பிரசவத்துக்காகத் திருச்சுழிக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். "அப்பா ஓட்டுற கார்லதான் வருவேன்" என்று போனில் சொல்லி வைத்திருந்தாள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கட்டடத்துக்குக் கம்பி கட்டப் போய், பிறகு நாலு ஆட்களை வைத்து வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்து, தலை நரைத்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். எங்கள் வகையறாவிலேயே முதல் கார். வாங்கும்போதே பழைய வண்டி. புது வண்டிக்காரனுக்கே பயம் இருக்கும் என்றால் எனக்குக் கேட்கவா வேண்டும்?

பள்ளத்தில் இறங்கினால் சலக். வளைவில் திரும்பினால் சலசல. பிரேக் போட்டால் எதுவோ முன்னால் ஓடி வந்து முட்டுகிற மாதிரி ஒன்று. வேகமாகப் போனால் என்ஜின் இரைச்சலில் அது கேட்காது. கேட்காதபோது பயம் இன்னும் கூடிவிடும். சும்மா இருக்கிறதா, இல்லை ஒரேயடியாகக் கழன்று போச்சா? பாலவனத்தம் பக்கம் வேலைக்குப் போய்வருகிற வழியெல்லாம், ஒரு சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று கருவேலங்காட்டுக்குள் உருண்டு போவது என் கண்ணுக்கு முன்னால் தெரியும். பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருப்பாள்.

முதலில் வண்டிக்குள் கிடந்ததையெல்லாம் வெளியே எடுத்தேன். ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் கேன், கம்பி வளைக்கிற சாவி. ஸ்டெப்னி டயரையும் இறக்கினேன். சத்தம் போகவில்லை. வீட்டுக்காரியைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

"நீ டிக்கியில உக்காந்து காது குடுத்துக் கேளு. நான் மெதுவா ஓட்டுறேன்."

"ஏன், கூரை மேல ஏறி உக்காரவா?" என்றாள். ஆனாலும் வந்தாள். ஊருக்கு வெளியே கண்மாய்க்கரை வண்டிப்பாதையில், டிக்கியைத் திறந்து போட்டு, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் உட்கார, நான் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். ஆடு ஓட்டி வந்த என் பங்காளி ஒருவன் நின்று பார்த்தான்.

"ஏலே, என்னலே இது? பொண்டாட்டிய லோடு ஏத்திட்டுப் போற?"

அவள் பின்னாலிருந்தே பதில் கொடுத்தாள். "சந்தைக்குங்க கொழுந்தனாரே. நல்ல வெல வந்தா குடுத்துருவாக போல!"

டிக்கியில் உட்கார்ந்தால் சத்தம் முன்னால் கேட்கிறது என்றாள். முன்சீட்டுக்கு வந்ததும், "அந்தப் பக்கம்" என்று என்னைக் காட்டினாள். "ஒங்ககிட்ட இருந்துதான் வருது" என்று சொல்லி ஒரு சிரிப்பு வேறு. அந்த நேரத்தில் நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, நான் சக்கரம் சக்கரம் என்று சொன்னதால் சக்கரங்களையே ஆட்டி ஆட்டிப் பார்த்தார். புஷ் மாற்றினார். சைலன்சரை இறுக்கினார். பாட்டைப் போட்டுக்கொண்டு ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "கப்பல் மாதிரி போகுதுண்ணே" என்றார்.

திரும்பும் வழியில் கருப்பசாமி கோயில் வரும். ரோட்டோரத்தில், வலது கைப் பக்கம், அருவாளோடு நிற்கிற சாமி. லாரிக்காரன், பஸ்காரன் எல்லாரும் ஒரு ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகக் காசை வீசிவிட்டுத்தான் அந்த இடத்தைத் தாண்டுவார்கள். கார் வாங்கிய நாளிலிருந்து நானும் போட்டேன். சத்தம் வந்த பிறகு போகும்போதும் போட்டேன், வரும்போதும் போட்டேன். மனசு சரியில்லாத நாளில் கைக்கு வந்ததையெல்லாம் போட்டேன். அன்றைக்கும் போட்டுவிட்டு, அய்யா, சத்தத்தை நிப்பாட்டு என்று கும்பிட்டுக்கொண்டே தாண்டினேன். அடுத்த வேகத்தடையில் சலக். முன்னைவிடக் கொஞ்சம் கனமாக.

அன்று சாயங்காலம் சம்பந்தி போன் செய்தார். மருமகன் சொல்லியிருப்பார் போல.

"வண்டியில ஏதோ பிரச்சனையாமே சம்பந்தி? எதுக்கு ரிஸ்க்கு? புள்ளய அனுப்ப டாக்ஸி சொல்லிருவமா?"

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். "அதுவும் சரிதான் சம்பந்தி, சொல்லிருங்க" என்றேன். அவர் பக்கத்தில் நின்ற மகள் போனை வாங்கினாள். "சரிப்பா" என்றாள், அவ்வளவுதான். அந்தச் 'சரிப்பா'வைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வளைகாப்புக்கு முந்தின நாள், தாம்பாளம், பழம், பூ வாங்க இரண்டு பேரும் அருப்புக்கோட்டைக்குப் போனோம். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அதே ஒர்க்ஷாப்பில் போய் நிறுத்தினேன். இறங்கியவன் பதற்றத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. பின்னால் வந்த வீட்டுக்காரி ஓங்கி அடைத்தாள்.

சலக்.

அவள் நின்றாள். மறுபடி திறந்தாள், அடைத்தாள். சலக்.

"ஏங்க, வண்டி நிக்கத்தான செய்யுது? பொறகு எப்படிச் சத்தம் வருது?"

கதவே கழலப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. மெக்கானிக் வந்து அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு தடவை அடைத்துப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்து, கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றி, அடியில் கையை விட்டார்.

கை வெளியே வந்தபோது அது நிறைய சில்லறை. மறுபடி விட்டார், மறுபடியும் சில்லறை. புழுதி அப்பிய காசு, புதுக்காசு, சிலது தண்ணீர்பட்டுக் கறுத்தது. தரையில் ஒரு குவியலே விழுந்தது.

"அண்ணே, கதவா இது, உண்டியலா?" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்காரி கண்ணாடி இறங்குகிற இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். அதை மூடியிருக்க வேண்டிய ரப்பர், எங்கள் ஊர் வெயிலில் காய்ந்து நெளிந்து வாயைப் பிளந்து கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"கருப்பனுக்குக் காசு எப்படிப் போடுவீக? உக்காந்து போட்டுக் காமிங்க."

உட்கார்ந்தேன். எல்லாரும் வீசுகிற மாதிரி நான் வீசமாட்டேன். வீசினால், எதிரே பைக்கில் வருகிறவன் கண்ணில் பட்டுவிட்டால்? அதனால் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல், கையை ஜன்னலுக்கு வெளியே லேசாக நீட்டி, கதவை ஒட்டினாற்போல் மெதுவாக நழுவவிடுவேன். அப்படியே செய்து காட்டினேன். காசு கீழே தரையில் விழவில்லை. கதவுக்குள் டிங் என்றது.

மெக்கானிக் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரி பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கவலையும் வந்துவிட்டது.

"அப்ப இத்தன நாளா சாமிக்கு ஒரு காசுகூடப் போய்ச் சேரலையே?"

"காசு சேரலன்னா என்ன? ஒங்கள வீட்டுல கொண்டாந்து சேத்துருச்சில்ல?" என்றாள். "எடுங்க, சாமிகிட்டயே குடுத்துட்டுப் போவோம்."

காசையெல்லாம் அவள் முந்தானையில் கட்டிக்கொண்டாள். புது ரப்பர் போட்டுக்கொண்டு கிளம்பினோம். கோயிலில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நடந்து போய் உண்டியலில் கொட்டினோம். அங்கிருந்தே சம்பந்திக்குப் போன் செய்தேன். "டாக்ஸி வேணாம் சம்பந்தி. வண்டி சரியாயிருச்சு." என்ன கோளாறு என்று கேட்டார். "கதவுல" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மறுநாள் வளைகாப்பு முடிந்து, மகள் முகமெல்லாம் சந்தனமாக வந்து பின்சீட்டில் ஏறினாள். அம்மாவும் மகளும் இரண்டு தலையணைகளுக்கு நடுவில். பந்தல்குடி தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்தோம். லாரிகள் எல்லாம் என்னை முந்திப் போயின. டிராக்டர் ஒன்றும் முந்திப் போனது. வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் அந்த வண்டியில் கேட்டதே இல்லை.

ஒரு சின்னப் பள்ளம். கலகல என்றது.

நான் பிரேக்கை மிதித்து ஓரத்தில் நிறுத்தியேவிட்டேன். திரும்பிப் பார்த்தால், மகள் முழங்கைவரைக்கும் கண்ணாடி வளையலோடு இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக் காட்டுகிறாள்.

"இது நான்ப்பா! என்னையும் கழட்டிப் பாக்கப் போறீகளா?"

"பேசாம ஓட்டுங்க, புள்ளைக்குப் பசிக்கும்" என்றாள் அவள் அம்மா.

கியரைப் போட்டேன். வீடு வந்து சேருகிறவரை பள்ளத்துக்குப் பள்ளம் அது கலகலத்துக்கொண்டே வந்தது. ஒரு பள்ளத்தைக்கூட நான் ஒதுங்கிப் போகவில்லை.