நானூறு மைக்ரான்

பட்டுக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் எழுத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதை நாங்கள் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் தெரிந்துகொண்டோம். அக்காதான் தூரத்திலேயே போர்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம பஸ்ஸு" என்று ஓடினாள். அவள் ஒன்பதாம் வகுப்பு, எப்போதும் முதல் ரேங்க். அவள் சொன்னால் அம்மா மறுபேச்சுப் பேசுவதில்லை. கண்டக்டர் டிக்கெட் போட வந்தபோதுதான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. முந்திரித் தோப்பு ஓரமாக இறங்கி, வெயிலில் நின்றோம்.

"ஏண்டி, அம்புட்டுப் பெரிய எழுத்து ஒனக்குத் தெரியலையா?"

"ஒண்ணு மேல ஒண்ணா மூணு மூணு எழுத்தாத் தெரியுதும்மா. கடேசில கோட்டைன்னு இருந்துச்சு, ஏறிட்டேன்."

எனக்கு ஒன்பது வயது. முதல் ரேங்க்காரி தப்புப் பண்ணியதில் உள்ளூர ஒரு சந்தோஷம். அன்றைக்கு நாங்கள் புதுக்கோட்டைக்குக் கிளம்பியதே அக்காவுக்குக் கண்ணாடி மாற்றத்தான். அந்த ஒரு வருடத்துக்குள் அது மூன்றாவது கண்ணாடி. டி.வி.யைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள் என்று அம்மா திட்டிக்கொண்டிருந்த காலம்.

கண்ணாடிக் கடையில் இருந்தவர் வெகுநேரம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இது கண்ணாடிக்கு அடங்குற மாதிரி தெரியலைங்க. திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்காவின் கண்ணில் மரத்துப்போக வைக்கும் மருந்தை விட்டுவிட்டு, பேனா போன்ற ஒன்றின் நுனியால் கருவிழியை மெல்லத் தொட்டார். தொடும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த மெஷின் கீச்சென்று கத்தி ஓர் எண்ணைக் காட்டியது. அக்கா இமைக்கவில்லை. எனக்குத்தான் கண்ணில் நீர் வந்தது.

"கண்ணுக்கு முன்னாடி வாட்ச் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்குங்க. கார்னியான்னு பேரு" என்று டாக்டர் விளக்கினார். "இவளுக்கு அது மெலிஞ்சுக்கிட்டே போகுது. மெலிஞ்ச எடம் கூம்பு மாதிரி முன்னால தள்ளுது. அதான் ஒண்ணு மூணாத் தெரியுது."

"சரி பண்ணிரலாங்களா டாக்டரம்மா?"

"மேல மெலியாம நிறுத்தலாம். மேல்தோலை எடுத்துட்டு மருந்து ஊத்தி, ஒரு நீல வெளிச்சத்தைக் காட்டுனா படலம் இறுகிரும். ஆனா வெளிச்சம் காட்டுற நேரத்துல நானூறு மைக்ரானாவது, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, கனம் இருக்கணும். இல்லன்னா உள்ளுக்குள்ள கெடுத்துரும். எடது கண்ணுக்குப் பயமில்ல. வலது கண்ணுல இப்ப நானூத்தி இருபது இருக்கு. மேல்தோலை எடுத்தா நானூறுக்குக் கீழ எறங்கிரும். படலத்தை உப்ப வைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு, அதை விட்டுப் பாப்போம்."

"அப்பவும் எட்டலைன்னா?"

"வேற வழி யோசிப்போம்ங்க. அதுவரைக்கும் இவ கண்ணைக் கசக்கவே கூடாது."

அக்காவுக்கோ அரிப்பு. இரண்டு முஷ்டியாலும் மாவு பிசைகிற மாதிரி கண்ணைக் கசக்குவாள். அரிப்புக்குச் சொட்டு மருந்தும், காவலுக்கு என்னையும் ஏற்பாடு செய்தார்கள். அவள் கை மூக்குக்கு மேலே ஏறினால் ஸ்கேலால் ஒரு தட்டு. இப்படி ஒரு அதிகாரம் எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை. தூக்கத்தில் கசக்காமல் இருக்க, அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்தாள்.

நானூறு என்பதை நான் பாஸ் மார்க் என்றே எடுத்துக்கொண்டேன். மெலிந்திருந்தால் தின்றால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. சத்துணவு முட்டையைப் பாவாடையில் பொத்திக் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்தேன். அவித்த கடலையில் என் பங்கையும் அவள் தட்டில் போட்டேன். "எனக்கு எதுக்குடி இம்புட்டு?" என்பாள். "கண்ணு குண்டாகணும்ல" என்பேன். அவள் சிரிக்காமல் தின்றாள்.

வலது கண்ணுக்குச் செய்த நாளில் அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சிஸ்டர் அவ்வப்போது கதவைத் திறந்து வந்தார்.

"எம்புட்டு இருக்குங்க?"

"முந்நூத்தி எழுவதும்மா. மருந்து ஊத்துறாங்க."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. "முந்நூத்தி எண்பத்தெட்டு." மறுபடி மூடியது. அம்மாவின் வளையல் என் கையில் பதிந்து வலித்தது, நான் சொல்லவில்லை. பிறகு வெகுநேரம் யாரும் வரவே இல்லை. நான் மனதுக்குள் கடலையை எண்ணினேன். இன்னும் ஒரு கைப்பிடி கொடுத்திருக்கலாமோ என்று பட்டது.

கடைசியில் அந்த சிஸ்டர் தலையை மட்டும் நீட்டினார். "நானூத்தி ஏழு! லைட்டு போட்டாச்சு."

அம்மா பெஞ்சை விட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் குடுத்த கடலைதாம்மா" என்றேன். "ஆமா சாமி, ஆமா" என்றாள்.

அடுத்த நான்கு நாட்கள் அக்கா வலியில் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய அறிவியல் பாடத்தைப் படித்துக் காட்டினேன். நான் தப்பாக வாசிக்கும் இடத்தில், அழுதுகொண்டே திருத்துவாள். ஒரு மாதம் கழித்து இடது கண்ணுக்கும் செய்தார்கள். அதற்கு யாரும் எண்ணைக் கேட்கவில்லை. சில மாதங்களில் கருவிழி மேல் வைக்கிற கெட்டி கான்டாக்ட் லென்ஸ் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் பத்தாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தாள்.

ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை. அதே பேனா, அதே கீச்சொலி. டாக்டர் கண்ணை எடுத்த பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணும் மாறலைங்க. அப்பிடியே இருக்கு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். ஜன்னலோரம் நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பிடியே இருக்காம்ங்க... ஆமாங்க... அப்பிடியே இருக்காம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

எனக்கு டாக்டர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வருடமாக எத்தனை முட்டை, எத்தனை கடலை, எத்தனை ஸ்கேல் அடி! ஒரு மார்க்காவது கூட வேண்டாமா? அம்மாவைத் தேற்ற வேண்டும் போலிருந்தது. கிட்டே போய் அவள் சேலையை இழுத்து, "அழுவாதம்மா, அடுத்த வருசம் கண்டிப்பாக் கூடிரும்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். போனைக் காதில் வைத்தபடியே என் தலையை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். நடுவில் சிரித்தாள் என்பதை மட்டும் கவனித்தேன். எதற்கு என்று விளங்கவில்லை. ஒன்றுமே மாறவில்லை என்ற செய்திக்காகவும் ஒருத்தி ஒரு வருடம் முழுக்கக் காத்திருக்க முடியும் என்பது, ஒன்றாம் வகுப்பிலிருந்து ரேங்க் ஏறுவதையே பேசக் கேட்டு வளர்ந்த எனக்கு எப்படித் தெரியும்?