பரணில் இருந்த கடல்

என் அக்கா கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்தபோது, சீர் பாத்திரங்களோடு ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடிப் பாட்டில்களும் வந்தன. படிக்கிற நாளில் ராமேஸ்வரம் பக்கம் படகில் போய் அவள் வலையில் அரித்தெடுத்த மிதவை உயிரிகள். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு ஓடு உண்டு. செத்த பூச்சியெல்லாம் ஆத்துக்குள் எதற்கு என்று மாமியார் முகம் சுளிக்க, பெட்டி பரணில் ஏறியது. அக்கா பள்ளிக்கூட டீச்சராகி, கடலையே மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

எங்கே மறந்தாள்! போன வருஷம் ரிட்டயரானதும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் கேட்டாள். நாம் விடுகிற புகையைக் கடல் குடித்துக் குடித்துப் புளிப்பேறி வருகிறதாம். இந்தக் குட்டி ஓடுகள் மெலிந்து கரைகின்றனவாம்.

"அந்தக் காலத்து ஓடு என்கிட்ட இருக்குடீ. இப்போ எடுக்கறதோட பக்கத்துல வெச்சுப் பார்த்தா எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சுடும்."

தான் படித்த காலேஜில் கெஞ்சி ஒரு மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கி, மலைக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அப்படிப் பூரித்த ஒரு முகம் இருந்ததே எனக்கு மறந்து போயிருந்தது.

முதல் பாட்டிலைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் வெறும் கசடு.

"ஓடு ஒண்ணுகூட இல்லையே" என்றாள்.

காபியோடு வந்த அவள் கணவர், என் அத்திம்பேர், பெருமையாகச் சொன்னார்: "தண்ணி வத்திண்டே வந்தது. அம்மாவுக்குத் தெரியாம நான்தான் அப்பப்போ எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுவேன். ஊறுகாய் கெடாம இருக்கே, அதுமாதிரிதான்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சுண்ணாம்புல எலுமிச்சையைப் பிழிஞ்சா கரைஞ்சுடாதா? இதென்ன வடுமாங்காயா, அத்திம்பேர்?"

அக்கா என் கையைப் பிடித்து அடக்கினாள். "விடுடீ. கடல் மெல்லப் பண்றதை இவர் சீக்கிரமாப் பண்ணிட்டார். ஆசையாத்தானே பண்ணினார்."

அந்த ஆசைதான் என் வயிற்றெரிச்சலைக் கூட்டியது. வீட்டில் அந்தப் பெட்டியை நினைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "புதுசா எடுத்துண்டு வந்துடலாமே. ராமேஸ்வரம் நானே கூட்டிண்டு போறேன். கடல் எங்கே போயிடப் போறது?"

"கடல் இருக்கு. நான் படிச்ச வருஷத்துக் கடலுக்கு எங்கே போறது?"

அத்திம்பேர் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, சிந்தாமல், இறுக்கி மூடி, பெட்டியில் அடுக்கினார்.