அண்ணன் தோற்றுக் கொடுத்த கடல்

என் அண்ணனை வேலை செய்யும் இடத்தில் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளும் கூட்டத்தில் அவன் முதல் ஆள். மற்றவர்கள் இரண்டு கையாலும் திணறித் தூக்கும் சம்மட்டியை அவன் குடையைத் தூக்குகிற மாதிரி தூக்குவான். ஓங்கி ஒரு அடி விட்டால் சுவர் பல்லிளித்துவிடும். இன்னொரு அடிக்குப் பிறகு தூசிக்குள் அவனைத் தேட வேண்டும். அதே ஆள் வீட்டுக்கு வந்தால் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆட்களைப் பற்றி அம்மா போடும் கணக்கு எப்போதுமே தப்பு. என் வீட்டுக்காரரைத் தங்கம் என்று சொன்னவளும் அவள்தான்.

அந்தத் தங்கம் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தது. வெளியே யாரைக் கண்டாலும் சிரிக்கும். கதவைச் சாத்தியதும் கைக்கு வேறு வேலை வந்துவிடும். டீ ஆறியிருந்தால் ஒரு அறை, சூடாக இருந்தால் அந்த டீயே என் கழுத்தில். காலையில் போகும்போது முன்கதவையும் பின்கதவையும் பூட்டிக்கொண்டு போவார். வீட்டில் இருக்கும்போது அடிக்கொரு தரம் "ஏய்" என்பார். நான் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். தாமதித்தால் எழுந்து வருவார். ஒருமுறை தப்பி அம்மா வீட்டுக்கு ஓடினேன். அம்மா மறுநாளே என்னைக் கூட்டிவந்து, அவரிடம் மன்னிப்பும் கேட்டு, விட்டுவிட்டுப் போனாள்.

என் உதடு கிழிந்திருந்ததைப் பார்த்த அன்று அண்ணன் அவரைத் தெருவில் மறித்து ஒரே ஒரு அடி அடித்தான். தாடை எலும்பு உடைந்துவிட்டது. போலீஸ் வந்தது, வழக்குப் போட்டார்கள், அண்ணன் ஜெயிலுக்குப் போனான். அவருக்குத் தாடையில் கம்பி கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. கைக்கு அந்தத் தடை இல்லை. அண்ணன் கொடுத்த அடியை நான் தவணை முறையில் திருப்பி வாங்கினேன். பெல்ட், கரண்டிக் காம்பு, ஒரு நாள் சூடான இஸ்திரிப் பெட்டி. அந்தத் தழும்பு முதுகில் இன்னும் முக்கோணமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் அண்ணன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, கையைக் கூப்பி, "தப்பு பண்ணிட்டேன் மாப்ள" என்றான். அம்மா பெற்ற பிள்ளைதானே என்று நினைத்துக்கொண்டேன். அவரோ பெரிய மனது பண்ணி, "விடு மச்சான், உள்ள வா" என்று தோளில் கை போட்டார். உள்ளே அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு கப்பல் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெஷினை ஜெயித்து ஜெயித்து அவருக்கு அலுத்துவிட்டிருந்தது. தோற்கும்போது முகம் செத்துப்போகிற ஒரு மனுஷன் எதிரே வேண்டும். சம்மட்டியைவிட நல்ல ஆள் எங்கே கிடைக்கும்?

அந்த விளையாட்டில் கடல் முழுக்க இருட்டாக இருக்கும். கப்பல் போகப் போக வெளிச்சமாகி, தீவும் துறைமுகமும் தெரியும். ஒரு துறைமுகத்தில் மிளகு வாங்கி இன்னொன்றில் விற்கலாம். பிடிக்காதவன் கப்பலைப் பீரங்கியால் சுட்டு, ஆட்களோடு கொளுத்தலாம். அவருக்குப் பிடித்தது கொளுத்துவதுதான். ஒருவர் தன் கப்பல்களையெல்லாம் நகர்த்தி முடித்த பிறகுதான் அடுத்தவருடைய முறை வரும். ஒரே திரை என்பதால், ஒருவர் ஆடும்போது மற்றவர் பார்க்கக் கூடாது. "என் முறை முடியற வரைக்கும் நீ சமையலறையில நில்லு மச்சான்" என்று சட்டம் போட்டவர் அவரேதான். அண்ணனுடைய முறை வந்தால் மட்டும் கதவிடுக்கில் ஒளிந்து பார்த்துக்கொள்வார்.

இப்படித்தான் என் அண்ணன் தினமும் சாயங்காலம் என் சமையலறைக்கு வர ஆரம்பித்தான். தோற்க வந்தான். அவர் ஜெயித்த அன்று என்னை அடிக்க மாட்டார் என்பதை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் சும்மா தோற்றால் அவருக்கு ருசிக்காது. தொடையில் அடித்துக்கொள்ள வேண்டும், "ஐயோ போச்சே" என்று அலற வேண்டும். நடிப்பு வராத ஆள் பாவம், முதலில் கப்பல் மூழ்குவதற்கு முன்பே அலறிவிடுவான். பிறகு தேறிவிட்டான். அவனுடைய மாலுமிகள் கும்பல் கும்பலாகத் தீயில் கருகினார்கள். அவர் உள்ளே கைதட்டிச் சிரித்தார். நான் இங்கே முழு உடம்போடு பாத்திரம் தேய்த்தேன்.

இதில் ஒரு வம்பு என்னவென்றால், அண்ணனுக்கு அந்த விளையாட்டு நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது. இருட்டுக் கடலில் ஒரு புதுத் தீவு தெரிந்தால் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவந்து என்னிடம் சொல்வான். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் அந்த ருசியில் தன்னை மறந்து, அவருடைய பெரிய கப்பலைப் பாறை இடுக்கில் மடக்கிச் சுட்டுவிட்டான். திரையில் அது எரிந்து முடிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது. அவரோ, "நல்லா ஆடினே மச்சான்" என்று வாசல்வரை போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்து என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் தள்ளி, வலது முழங்காலின் மேல் ஏறி நின்று குதித்தார். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. கத்தக் கூடாது என்று வாயில் துணியை அடைத்தார். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அவரே அழகாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

கட்டுப் போட்ட காலோடு என்னைப் பார்த்த அண்ணன் சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றான். அந்தச் சுவர் விழுந்துவிடும் என்று நினைத்தேன். நல்லவேளை, விழவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஆட்டம் மாறிவிட்டது. கப்பல்களை மூழ்கடிக்க விடாமல், முழுசாக அவரிடம் பிடிபட விட்டான். துறைமுகங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தான். எனக்குக் கோபம். "எல்லாத்தையும் அந்தாளுக்குக் குடுத்துட்டு என்ன கிழிக்கப்போற?" என்றேன்.

"கப்பல் கூடக் கூட அவரு முறை நீளுது பாப்பா. ஒவ்வொண்ணையும் அவரே நகர்த்தணும். அப்ப 'ஏய்'னு கூப்பிட மறந்துடறாரு. நீ கவனிக்கல?"

கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். எந்தக் கப்பலையும் தானாகப் போக விட அவருக்கு மனசு வராது. எல்லாம் அவர் சொல்லித்தான் அசைய வேண்டும். முழங்கால் எலும்பு சேர்ந்தும் எனக்கு நடை சரியாக வரவில்லை. விந்தி விந்தி பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர நிறைய நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் அண்ணன் தீவு தீவாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குத் தெரியாத ஓர் ஊரில், அவனுடைய மேஸ்திரியின் மனைவி எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்கு ஆள் வந்தால் மரியாதைக்காகப் பின்கதவுப் பூட்டு கழற்றப்படும். அதனால் விளையாட்டு நடக்கும்போது மட்டும்தான் வழி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே பெரிய துறைமுகத்தைக் காவல் இல்லாமல் திறந்து வைத்துவிட்டு சமையலறைக்கு வந்தான். உள்ளே அவர் சந்தோஷத்தில் ஊளையிட்டார். கடலில் இருந்த அத்தனை கப்பல்களையும் அங்கே திருப்ப ஆரம்பித்துவிட்டார்.

"கெளம்பு," என்றான் அண்ணன்.

"நீயும் வா."

"நான் இல்லன்னா அவரு யாரோட ஆடுவாரு? போ."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்படியில் இறங்கினேன். எலும்பில் ஊசி குத்துகிற வலி. கடைசிப் படியில் நிற்கும்போது மேலே பீரங்கிச் சத்தமும் அவருடைய சிரிப்பும் கேட்டன. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது, எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே குடியிருந்த அக்காவும் பின்னால் அண்ணனும் சொல்லித்தான் தெரியும். அவர் முறை முடிந்து "ஏய்" என்றாராம். "குளிக்கிறா மாப்ள" என்று அண்ணன் உட்கார்ந்து, இருந்த ஒற்றைக் கப்பலை நெடுநேரம் யோசித்து யோசித்து நகர்த்தினானாம். கடைசியில் அவர் எழுந்து வந்து, திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்து, காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு படிக்கு ஓடினார். அண்ணன் குறுக்கே போய் அவரை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. அவர் கத்தியை அவன் தோளில் இறக்கினார், பிடுங்கி மறுபடி இறக்கினார். முழங்கையை அறுத்தார். காதைக் கடித்துத் துப்பினார். அண்ணன் பிடியை விடவுமில்லை, இறுக்கவுமில்லை. சத்தம் கேட்டுப் பின்படி வழியாக ஆட்கள் உள்ளே வந்தபோது சமையலறைத் தரையில் கால் வைக்க இடமில்லாமல் ரத்தம். அதற்கு நடுவில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி நின்றார்களாம்.

ஸ்டேஷனில் அவர் வழக்கம்போல, "இவன்தான் என்னை அடிச்சான் சார், பழைய கேஸே இருக்கு" என்று ஆரம்பித்தார். அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. இந்த முறை ஜெயிலுக்குப் போனது அவர்.

வரக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தும் மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். காது இருந்த இடத்தில் பஞ்சு. வலது கை நரம்பு அறுந்துவிட்டது, விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மட்டி பிடித்த கை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத்தான் திட்டினேன்.

"மலை மாதிரி இருக்கியே, ஒரு அடி அடிச்சிருக்கக் கூடாதா? ஒரே ஒரு அடி!"

"அடிக்கணும்னு கையெல்லாம் துடிச்சிது பாப்பா," என்றான். பேசும்போது தையல் இழுத்து முகம் கோணியது. "போன தடவ நான் குடுத்த ஒரு அடிக்கு நீ எத்தன வாங்கின?"

நான் முதுகைக் காட்டியதே இல்லை. அவன் கேட்டதும் இல்லை. யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஆட்கள் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், அன்றுதான் நான் சத்தம் போட்டு அழுதேன்.