தலைகீழாகக் குந்தும் பூச்சி

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராகக் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும்: பட்டியலில் நாம் எழுதிவிட்டால் அந்த உயிர் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. நான் எழுதிய ஒரு வரியைப் பல வருடங்களாக நானே நம்பவில்லை.

எழுதிய வரி

1989. மாவட்டத்துப் பட்டாம்பூச்சிகளுக்குப் பட்டியல் தயாரிக்கப் பேராசிரியர் என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பினார். அங்கே தேனெடுக்கும் காளியப்பனிடம் புத்தகத்தை விரித்து, அடர்ந்த காட்டில் அபூர்வமாகத் தென்படும் சருகுப் பட்டாம்பூச்சியின் படத்தைக் காட்டினேன். "இருக்குது சார். பூவுக்கு வராது. மரத்துல வடியற பாலக் குடிக்கும், தலைகீழா குந்தும். மூடினா சருகு, தொறந்தா நீலம்" என்றார்.

அதே விவரம் புத்தகத்திலும் இருந்தது. படத்தைக் காட்டும்போது நான் படித்துச் சொன்னேனா, அவராகச் சொன்னாரா? அன்று அது உறைக்கவில்லை. நாமே ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதலாமா என்று மட்டும் பேராசிரியரிடம் கேட்டேன். "மலைக்காரனே சொல்றான், அப்புறம் என்னய்யா? எழுது." 'ஜவ்வாது மலையில் காணப்படுகிறது' என்று எழுதினேன்.

அழுகல்

பிறகு விடுமுறை தோறும் அதைத் தேடிப் போனேன். அழுகிய வாழைப்பழத்தில் வெல்லம் பிசைந்து அடிமரத்தில் பூசினால் இறங்கி வருமாம். வந்தவை ஈயும் எறும்பும்தான். காய்ந்த இலைகளை அரைமணி நேரம் அசையாமல் பார்த்திருக்கிறேன். கடைசிவரை அவை இலைகளாகவே இருந்தன.

பழத்துக்குக் கோயில் வாசல் வண்டிக்கார அம்மாவிடம்தான் போவேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார்: "பௌர்ணமிக்கு வர்றவங்க எல்லாம் நல்லதா பொறுக்கறாங்க. உங்களுக்கு மட்டும் எந்த சாமிக்கு சார் அழுகினது?"

கண்

2004-ல் சுமதி என்ற ஆய்வு மாணவி வந்தாள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடும் குடும்பம். என் ஒரு வரியை நம்பி, அந்தப் பூச்சியின் பழக்கங்களையே ஆய்வுத் தலைப்பாக எடுத்தாள். இரண்டு மழைக்காலம் காட்டில் அலைந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதை நானும் பார்த்ததில்லை என்ற உண்மையை எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டியல் கெடும். என் பெயர் அச்சில் இருப்பது அதில் மட்டும்தான்.

உதவித்தொகை நின்றதும் ஆய்வைக் கைவிட்டாள். ஆய்வகச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு இருந்த கண்ணு எனக்கு இல்ல சார்."

மறுபடியும் மலை

அடுத்த வாரமே மலையேறினேன். காளியப்பன் வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க சார். நம்ம பூச்சியத் தேடிக்கினு ஒரு பொண்ணு வந்துச்சே, ஆப்டுச்சா?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்க எனக்குப் பதினேழு வருடமும் ஒரு பெண்ணின் படிப்பும் தேவைப்பட்டன.

"காளியப்பண்ணே, அன்னிக்கு நான் படத்தக் காட்டாம, வாயத் தொறக்காம இருந்திருந்தா, இந்தப் பூச்சியப் பத்தி நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"