ஸ்பீக்கர்லதானே இருக்கு?

மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை. என் கணவர் மூர்த்தி லேப்டாப்பை மூடிவிட்டு, "போன் இப்ப வாங்க வேண்டாம். நவம்பர் சேல் வரைக்கும் வெயிட் பண்ணலாம்" என்றார்.

இதில் என்ன பெரிய செய்தி என்று கேட்பீர்கள். இருக்கிறது. எனக்குப் புதுப் போன் வாங்கியே தீர வேண்டும் என்று ஜூன் மாதத்திலிருந்து ஒற்றைக் காலில் நின்றவர் இதே மனிதர்தான். எந்த மாடல், எந்த கேமரா, எந்தக் கடையில் பழைய போனை எடுத்துக்கொள்வார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, வரிக்கு ஒரு கலர் அடித்து வைத்திருந்தார். செப்டம்பரில் புது மாடல் வருகிறது... வந்த அன்றே போன வருட மாடலின் விலை இறங்கும்... அன்று காலை ஆர்டர் போடுகிறோம். திட்டம் பக்கா.

செப்டம்பருக்கு இரண்டே வாரம் இருக்கும்போது ஆள் பின்வாங்குகிறார் என்றால்?

ஏதோ இருக்கிறது. பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது?

முதலில் என் போனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் ஸ்கூலுக்கு லீவு விட்ட வாரம். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கிரைண்டரிலிருந்து தோசை மாவை வழித்துக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் என்னவோ ஜோக். நான் சிரித்தேன். தோள் இறங்கியது. போன் தலைகீழாக மாவுக்குள் போய் நின்றது.

உடனே எடுத்துத் துடைத்துவிட்டேன். எல்லாம் நன்றாகவே வேலை செய்தது — காதை வைத்துக் கேட்கும் அந்தச் சின்னத் துவாரத்தைத் தவிர. அதற்குள் மாவு. டூத்பிக் வைத்துக் குத்தினேன். (நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.) அதில் மிச்சமிருந்த உயிரும் போயிற்று. ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் கணீரென்று கேட்கிறது.

இயர்பட்ஸ் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். என்னிடம் இருந்த இரண்டில் ஒன்று பேன்ட் பாக்கெட்டோடு டிரையருக்குள் போய்விட்டது. இன்னொன்று என் காதில் நிற்பதே இல்லை.

சரி, ஜூனிலேயே புதுப் போன் வாங்கியிருக்கலாமே? மூர்த்தியைத் தெரியாதவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். ஒரு பொருளைத் தேவைப்படும்போது வாங்கக் கூடாது, விலை குறையும்போதுதான் வாங்க வேண்டும் என்பது இந்த நாடு அவருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். சோஃபா விலை குறையட்டும் என்று இரண்டு மாதம் கேம்பிங் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்த குடும்பம் நாங்கள். வந்த விருந்தாளிகளுக்கும் கேம்பிங் நாற்காலிதான்.

ஆக, ஜூனிலிருந்து என் வாழ்க்கை ஸ்பீக்கரில் ஓடுகிறது.

நம்மவர்களின் போன் பேச்சு ஹலோவில் தொடங்குகிறது என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?" என்பதில்தான் தொடங்குகிறது. இல்லை என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் விஷயமே வெளியே வரும். சத்தியம் செய்யும் வசதியை இழந்தவளின் கதி என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

இந்தியன் க்ரோசரி கடையில் ஒரு நாள் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். நான் எச்சரிக்கை செய்வதற்குள், போன வாரம் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோன பாட்லக்கில் சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை என்று ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சாம்பாரைக் கொண்டுவந்திருந்த ஆன்ட்டி என் பக்கத்தில் நின்று முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது என்னைப் பார்த்தாலே ஆன்ட்டி அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். நான் அந்தச் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனதுக்குள் பேசியது வேறு விஷயம்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சென்னையிலிருந்து வசந்தி கூப்பிடுவாள். வசந்தி என் ஓரகத்தி. மூர்த்தியின் தம்பி சேகரின் மனைவி. அங்கே மாலை ஆறரை, இங்கே சமையல் நேரம். நாங்கள் இருவரும் பேசாத விஷயம் கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர. அது எங்கள் வீட்டுக்காரர்கள்.

அண்ணனும் தம்பியும் பேசி நான்கு வருடமாகிறது.

என் மாமனார் இறந்தபோது எங்கள் க்ரீன் கார்டு அப்ளிகேஷன் பாதியில் நின்றது. பயண அனுமதி வரவில்லை. நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் அப்ளிகேஷன் அவ்வளவுதான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மூத்த மகன் செய்ய வேண்டிய காரியம் அத்தனையையும் சேகர் செய்தார். வசந்தி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூர்த்தி இங்கே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தார். அன்று அவர் அழக்கூட இல்லை. ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். பதினாறாம் நாள் காரியத்தில் என்னவோ ஒரு முறை விட்டுப்போனது என்று தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார். சேகர் பதினாறு நாளும் சரியாகத் தூங்காத மனிதர். "போன்ல பாத்துக்கிட்டிருந்தவங்க இதெல்லாம் கேக்கக் கூடாதுண்ணா" என்று சொல்லிவிட்டார்.

கேட்டதும் தப்பு, சொன்னதும் தப்பு. ஆனால் இரண்டு பேருக்கும் வலித்தது நிஜம்.

போன வருடம் க்ரீன் கார்டு கைக்கு வந்தது. இனி தடை ஏதும் இல்லை, ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்றேன். அவன் கூப்பிடட்டும் என்றார். அங்கே சேகரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அண்ணன் தம்பி விவகாரம், நமக்கெதற்கு என்று ஒதுங்கிக்கொண்டேன். அது பெருந்தன்மை இல்லை, சோம்பேறித்தனம். இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மாவு விழுந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, போனைக் கிச்சன் கவுன்ட்டரில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். வசந்தியின் குரல் வந்ததுமே மூர்த்தி எழுந்து புல் வெட்டப் போய்விட்டார். இரண்டாவது சனிக்கிழமையும் புல். ஒரு வாரத்தில் புல் எவ்வளவு வளரும்? மூன்றாவது சனிக்கிழமை மழை. கிச்சனை ஒட்டிய ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்தார். நான்காவது வாரம் டிஷ்வாஷரிலிருந்து பாத்திரத்தை எடுத்து அடுக்கினார். நான் சொல்லாமலே!

ஆகஸ்ட் வந்தபோது ஆள் கிச்சனிலேயே ஸ்டூல் போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண் காவ்யாவுக்குப் பதினைந்து வயது. பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியலை எடுக்க வந்தவள் என் காதோரம் வந்து, "அம்மா, அப்பா இஸ் ஸ்டில் பீலிங் தட் ஒன் கார்லிக்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். ஒரே ஒரு பல். உரித்து முடித்த பல்லையே கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் வசந்தியின் வீட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இவர் கை நின்றது.

அங்கேயும் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. என் போன் ஸ்பீக்கரிலேயே இருப்பது தெரிந்ததிலிருந்து சேகரும் ஹாலை விட்டு நகர்வதில்லையாம். வசந்தியும் தன் போனை ஸ்பீக்கரில் போட ஆரம்பித்துவிட்டாள். "டி.வி.யை ம்யூட்ல போட்டுட்டு நியூஸ் பாக்கறாருக்கா" என்று எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினாள்.

இந்த நிலையில்தான் மூர்த்தி, போன் இப்போது வேண்டாம், நவம்பர் வரை வெயிட் பண்ணலாம் என்றார். ஸ்ப்ரெட்ஷீட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேமராவில் பெரிய வித்தியாசம் இல்லை, பேட்டரி பற்றி ரிவ்யூ சரியாக வரவில்லை என்று என்னென்னவோ சொன்னார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. புதுப் போன் வந்தால் நான் அதைக் காதில் வைத்துக்கொண்டுவிடுவேன். தம்பியின் தொண்டைச் செருமல் அதற்கப்புறம் அவருக்குக் கேட்காது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. சரி, வெயிட் பண்ணலாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வசந்தி கூப்பிட்டாள். வழக்கமான விசாரிப்பு எதுவும் இல்லை.

"அக்கா, ஸ்பீக்கர்லதானே இருக்கு?"

என் வாழ்நாளில் இந்தக் கேள்வியை இப்படி யாரும் கேட்டதில்லை. ஆமாம் என்றேன்.

"நல்லது" என்றாள். பிறகு நிறுத்தி நிதானமாக, சத்தமாகப் பேசினாள். "அடுத்த மாசம் மாமாவோட திதி வருது. வருஷா வருஷம் ஐயர் பேர் கேக்கும்போது இவர் என்ன செய்றார் தெரியுமாக்கா? முதல்ல அத்தான் பேரு, அத்தான் நட்சத்திரம் சொல்வார். அப்புறம்தான் இவர் பேரு. 'அண்ணன் பண்ண வேண்டியது, அவருக்குப் பதிலாத்தான் நான் உக்காந்திருக்கேன்'னு சொல்வார். மூணு வருஷமா இதேதான். இந்த வருஷமும் பதிலாத்தான் உக்காரணுமான்னு நேத்து என்கிட்ட கேட்டார். எனக்குப் பதில் தெரியலக்கா."

அவள் அத்தான் என்றது மூர்த்தியை.

நான் கரண்டியோடு நின்றேன். இப்போது நான் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று மட்டும் தெரிந்தது. பேசாமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்.

மூர்த்தி ஸ்டூலிலிருந்து எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கவுன்ட்டருக்கு வந்து போனைப் பார்த்துக் குனிந்தார்.

"சேகர் இருக்கானா?"

நாற்காலி நகரும் சத்தம்.

"இருக்கேண்ணா."

அதற்கப்புறம் இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. கால் கட் ஆகிவிட்டதோ என்று நான் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் போனபோது வராத அழுகை மூர்த்திக்கு இப்போது வந்துவிட்டது. கண்ணீரை வழிய விட்டபடியே கேட்டார்.

"திதி என்னிக்கு வருது?"

"புரட்டாசி முதல் வாரம்ணா. வியாழக்கிழமை."

"ஐயர்கிட்ட சொல்லி வை. நான் வந்துடறேன்னு."

"சரிண்ணா."

நான்கு வருடத்துக்குப் பிறகு தம்பி அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அங்க இப்ப மணி என்னண்ணா?" நியூ ஜெர்சியில் மணி என்ன என்று சேகருக்குத் தெரியாதா? மூர்த்தியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வெகு பொறுப்பாக, ஒன்பதே கால் என்று பதில் சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது இரண்டு பேரும் மாமனாரின் பழைய ஸ்கூட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வசந்தியைத் தனியாகக் கூப்பிட்டேன். (நானும் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான்.) எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டேன். மாவு விழுந்த கதையைக் கேட்ட அன்றைக்கே தோன்றியது, தைரியம் வருவதற்குத்தான் இத்தனை நாளாயிற்று என்றாள்.

நான்கு வருடமாக ஒரு சனிக்கிழமைகூட விடாமல் கூப்பிட்டவள் அவள். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் கூப்பிட்டாள். நான் பாதி வாரம் அவசரமாகப் பேசி வைத்திருக்கிறேன், சில வாரம் எடுக்காமலே விட்டிருக்கிறேன். அவள் விடவில்லை. பேச்சு என்று ஒன்று அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் இருந்துகொண்டே இருக்கட்டும் என்று பார்த்துக்கொண்டாள். அவளுக்கு நேரில் நன்றி சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். வசந்தி, உனக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

புதுப் போனா? வாங்கவில்லை. புது மாடல் வந்துவிட்டதாம். வரட்டும்.

அன்று போனை வைத்ததும் மூர்த்தி லேப்டாப்பைத் திறந்தார். சரி, டிக்கெட்டுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வரப்போகிறது, எந்தக் கிழமை குறைவு, எந்த ஊர் வழியாகப் போனால் குறைவு என்று இரண்டு நாள் ஓடும் என்று நினைத்துக் காபி போடப் போனேன். காபி கொதிப்பதற்குள் டிக்கெட் போட்டுவிட்டார். திரையில் முதலில் வந்த டிக்கெட்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? ரெண்டு நாள் வெயிட் பண்ணினால் குறையுமே, நீங்கள்தானே எப்போதும் சொல்வீர்கள் என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடினார்.

"நாலு வருஷம் வெயிட் பண்ணினேனே... எது குறைஞ்சுது?"

நான் போய்ப் பயணப் பெட்டியை இறக்கினேன்.