இருபத்தொன்பது 'ஆமா'

தகர டப்பாவைக் காதருகே வைத்து மூன்று குலுக்குக் குலுக்கி, கண்ணைக் கூரையில் நிறுத்தி, ஒரு சீட்டை எடுக்கிறார் ஸ்ரீகுமாரி டீச்சர். "பதினேழு. எந்திரி மக்கா, சொல்லு."

பதினேழாம் எண் நிஜினுடையது. "டீச்சர், நேத்தும் நான்தானே!"

"டப்பாவுக்கு நேத்தையும் தெரியாது, உன்னையும் தெரியாது. அதாக்கும் அதுக்க நியாயம்."

உதியன்குளங்கரைக்கு அப்பால் சாலையோரக் கல்லூரி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புள்ளியியல் நடத்துகிறார். யாரைக் கேள்வி கேட்பது, எந்தத் தாளை முதலில் திருத்துவது, எல்லாமே சீட்டுத்தான். மனிதன் பொறுக்கி எடுத்தால் அதில் ஆசை, சாதி, சொந்தபந்தம், முகதாட்சண்யம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. திருப்புறத்தில் உள்ள அவர் வீட்டிலும் இதே ஆட்சி. "தோரனா அவியலான்னு டப்பாகிட்ட கேட்டுட்டாக்கும் எனக்குச் சோறு" என்று கணவர் பக்கத்து வீட்டாரிடம் அழுவார். சந்திப்பில் லாட்டரி விற்கும் சஜிக்கு டீச்சர் மேல் பக்தியே உண்டு.

"டீச்சரே, உங்க கையால ஒரு டிக்கெட் எடுத்துத் தாங்க. ராசியாட்டு இருக்கும்."

"உனக்கு பம்பர் விழதுக்கு முன்ன தலையில தேங்கா விழும் சஜி. வேணும்னா கணக்குப் போட்டுக் காட்டுதேன்."

சென்ற ஆண்டு அவருக்கு ஓர் ஆய்வுத் திட்டம் கிடைத்தது. கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுக்கும் ஏஐயை வகுப்புக்குள் விட்டால் பிள்ளைகளின் படிப்பு ஏறுமா, இறங்குமா? ஆறு ஆண்டுகளாகத் தட்டிப்போகும் பதவி உயர்வுக்கு இந்த ஓர் அறிக்கைதான் பாக்கி. மொத்தம் அறுபது பிள்ளைகள். முப்பது பேருக்குக் கல்லூரியே ஏஐயைத் தரும். மற்ற முப்பது பேர் ஒரு செமஸ்டர் முழுக்க அதைத் தொடுவதில்லை என்று கையெழுத்திட வேண்டும். யார் எந்தப் பக்கம்? டப்பா வந்தது.

மறுநாள் பெற்றோர் வந்தார்கள். தொடாத பக்கம் விழுந்த அபினின் அம்மா சத்தியபாய், சபையில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். "கர்த்தர் என்னத்துக்கு டீச்சர் எனக்க பிள்ளைய மட்டும் தள்ளினாரு?" ஏஐ கிடைத்த அனகாவின் அப்பா தாணுமாலயன், பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடியை டீச்சரிடமே நீட்டினார். "பகவான் பார்த்துத் தந்ததாக்கும்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரு பார்க்கப்பிடாதுன்னுதான் சீட்டே போட்டது! இதுல பகவானும் கை வைக்கப்பிடாது, மேனேஜரும் கை வைக்கப்பிடாது."

எந்த வழியில் யார் நடக்கலாம், எந்தக் குளத்தில் யார் குளிக்கலாம் என்பதையெல்லாம் ஆட்கள் எழுதி வைத்துவிட்டு, ஆண்டவன் எழுதியது என்று சாதித்த மண் இது. யாருமே எழுதாத ஒரு சீட்டு ஊருக்குள் வந்தால், அதையும் கொண்டுபோய் ஆண்டவன் தலையில் கட்டுகிறார்களே என்பது அவருடைய ஆற்றாமை. கல்லூரியை நடத்தும் மேனேஜர் மட்டும் ஆண்டவனை நம்பி இருக்கவில்லை. நேரே போன் செய்தார். அக்காள் மகன் அஸ்வந்தை ஏஐ பக்கம் மாற்ற வேண்டுமாம்.

"மாத்தலாம் சார். பதிலுக்கு ஆருக்க பிள்ளையத் தள்ளணும்னு எழுதித் தாங்க."

அந்த எழுத்து இன்றுவரை வரவில்லை.

தேர்வு முடிந்தது. ஏஐ கொடுத்த பக்கம் சராசரியாகப் பதினொரு மதிப்பெண் கூடுதல். முதல்வர் சத்தியதாஸ் லட்டு வாங்கிக் கொடுத்தார். டீச்சர் லட்டைத் தின்றார், அந்தப் பதினொன்றை விழுங்கவில்லை. அறுபது பேரையும் பக்கம் பிரித்து உட்காரவைத்து, ஒரு கேள்வி கொடுத்தார்: அசைன்மென்ட்டை ஏஐயிடம் செய்து வாங்கினாயா? ஒவ்வொருவரும் மறைவாக ஒரு காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் யோசிக்காமல் 'ஆமா' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். பெயர் வேண்டாம். எந்த 'ஆமா' காசு சொன்னது, எந்த 'ஆமா' ஆள் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆளைப் பிடிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்து முப்பதிலும் பாதிப் பேருக்குத் தலை விழும் என்று கழித்துவிட்டால், மொத்தத்தின் உண்மை பிடிபடும். இடைஞ்சல் ஒன்றே ஒன்று. டீக்கடைக்கும் போனிலேயே பணம் அனுப்புகிற பிள்ளைகள். அறுபது பேரிடம் நாலு காசுதான் இருந்தது. சுற்றுக்கு விட்டார்கள்.

ஏஐ கொடுத்த பக்கம் பதினேழு 'ஆமா'. காசு சொன்ன பதினைந்தைக் கழித்தால், பூ விழுந்த பாதிப் பேரில் இரண்டு; அப்படியானால் முப்பதில் உண்மையில் தொட்டவர்கள் நாலு பேர். தொடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பக்கம் இருபத்தொன்பது 'ஆமா'. ஏறக்குறைய மொத்தக் கூட்டமும்.

"எலே, கையெழுத்துப் போட்டதில்லியா?" என்று பொதுவாகத்தான் கேட்டார். அபின் தானாக வாயைக் கொடுத்தான்.

"தொடப்பிடாதுன்னு கையெழுத்து வாங்கினியளே டீச்சர். அப்பம் அதுல என்னமோ உண்டுன்னு தோணிச்சு."

இந்தப் பக்கம் அனகா எழுந்தாள். "எங்களுக்கு, அதுகிட்ட கேட்டா என்ன கேட்டோம், அது எங்க தப்புச் சொல்லிச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதணும்னு சொன்னியளே. அந்தப் பாடு படுததுக்குப் பேசாம கணக்கையே போட்டுருலாம்னு போட்டோம்."

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதிப்பெண் ஏறியது ஏஐயால் அல்ல. அதைத் தொடாமல் தானே கணக்குப் போட்டதால். அதை அப்படியே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்.

தர மதிப்பீட்டுக் குழு வரும் நாள் காலையில் முதல்வர் அவரைக் கூப்பிட்டார்.

"டீச்சரே, பதினொண்ணுங்கது நேருதானே? பொய் ஒண்ணும் எழுதண்டாம். கடைசிப் பக்கத்த மட்டும் எடுத்துருவோம். உங்களுக்க புரமோஷன் பேப்பர்ல இப்பமே கையெழுத்துப் போடுதேன்." பேனாவின் மூடி ஏற்கனவே கழன்றிருந்தது.

"ஸ்கேன் ரிப்போர்ட்டுல கடைசிப் பக்கத்தக் கிழிச்சிட்டு, ஆளுக்கு ஒரு கேடும் இல்லேன்னு சொல்லுவியளா சார்?"

"ஃப்ளெக்ஸ் அடிச்சுக் கெட்டியாச்சே டீச்சரே!"

டீச்சர் அறிக்கையைக் கடைசிப் பக்கத்தோடு அவர் மேசையில் வைத்தார். பேனாவைப் பார்க்காமல் வெளியே நடந்தார். வாசலில் அந்த ஃப்ளெக்ஸ் தொங்கியது. கைகூப்பிச் சிரிக்கும் அவரே, ஆளுயரத்துக்கு. கீழே மலையாளத்தில், ஏஐ தந்த பதினொரு மதிப்பெண்ணுக்கு வாழ்த்து. காவலாளி அகிலேஷின் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி ஏறினார்.

"டீச்சரே, அதுக்கு ஒரு கால் ஆடும்!"

"ஆடுனா பிடிச்சுக்க மக்கா."

முதல் முடிச்சு கையிலேயே அவிழ்ந்தது. இரண்டாவது, மழையில் நனைந்து இறுகிய நைலான் கயிறு. பின்னால் குழுவின் கார் வந்து ஹாரன் அடித்தது. டீச்சர் திரும்பவில்லை. சிரித்துக்கொண்டிருந்த தன் படத்தின் கன்னத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, முடிச்சைப் பல்லால் கடித்தார்.